பொதியும் பட்டியலும்: கணிப்பொறியில் நிறுவப்படும் கோப்புகளின் கணக்கு

விரிவுரையாளர், கணிப்பொறி அறிவியல் துறை

முன்னுரை

நம் பகுதியில் கல்யாணம், அடியந்திரம் என்று எது நடந்தாலும் பாத்திரங்களை வாடகைக்கு எடுப்பது வழக்கம். வார்ப்பு, உருளி, சருவம், கண்ணாப்பை, செம்பு என்று ஒவ்வொன்றாக எண்ணி, கடைக்காரர் நோட்டில் குறித்துக்கொண்ட பிறகே பாத்திரம் வண்டியில் ஏறும். மறுநாள் அதே நோட்டைப் பார்த்துத்தான் அவர் திரும்ப எண்ணி வாங்குவார். வீட்டுக்காரரின் சொந்த உருளியும் வாடகை உருளியும் சமையற்கட்டில் அருகருகே கிடந்தாலும் எது எவருடையது என்ற வழக்கு எழுவதில்லை, நோட்டு தீர்த்துவிடும்.

கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவுவதும் ஏறக்குறைய இத்தகைய செயலே. ஒரு நிரலை நிறுவும்போது ஒரு கோப்பு மட்டும் உள்ளே வருவதில்லை. பத்து, நூறு, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கோப்புகள் வருகின்றன. அவை வெவ்வேறு அடைவுகளில் போய் அமர்கின்றன. ஏற்கெனவே அங்கிருக்கும் கோப்புகளோடு கலந்துவிடுகின்றன. பின்னர் அந்த நிரலை நீக்க வேண்டுமென்றால் எவற்றை நீக்குவது? எவற்றை விடுவது? இவ்வினாக்களுக்கு விடையளிப்பது ‘நிறுவிய கோப்புகளின் பட்டியல்’ ஆகும். பாடநூல்களில் இயங்குதளம் பற்றிய பகுதியில் செயல் மேலாண்மையும் நினைவக மேலாண்மையும் விரிவாகக் கூறப்படுகின்றன. இந்தப் பட்டியலைப் பற்றி ஒரு பத்தியும் இருப்பதில்லை. ஆய்வகத்தில் மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இதைச் சார்ந்தே இருப்பதால், இக்கட்டுரையில் இதனை எடுத்துக்கொண்டேன்.

பொதி என்பது யாது?

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் கோப்புகள் அவற்றின் வகையை ஒட்டி அடைவுகளில் பிரித்து வைக்கப்படுகின்றன. இயங்கும் நிரல்கள் ஓரிடம், நூலகங்கள் ஓரிடம், கையேட்டுப் பக்கங்கள் ஓரிடம், அமைப்புக் கோப்புகள் மற்றோரிடம். ஆகவே, ஒரே மென்பொருளின் உறுப்புகள் நாலாபக்கமும் சிதறியிருக்கும். அவற்றையெல்லாம் கட்டி, பெயரும் பதிப்பு எண்ணும் இட்டு, தேவைப்படும் பிற மென்பொருள்களின் விவரத்தையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி அளிப்பதே பொதி. அப்பொதியைப் பிரித்து உரிய இடங்களில் வைத்துக் கணக்கு எழுதிக்கொள்ளும் நிரல் பொதி மேலாளர் எனப்படும்.

முற்காலத்தில் மூல நிரலைக் கொண்டுவந்து, தொகுத்து, ‘மேக் இன்ஸ்டால்’ என்ற கட்டளையைக் கொடுத்து நிறுவுவார்கள். அந்தக் கட்டளை கோப்புகளை நகலெடுத்து வைக்கும்; எங்கெங்கு வைத்தது என்பதை எங்கும் பொதுவான முறையில் எழுதி வைக்காது. இந்தக் குறையை நீக்கவே 1990-களில் பொதி முறைகள் வளர்ந்தன. 1993-இல் தோன்றிய ஸ்லாக்வேர், ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் பட்டியல் எழுதி வைத்தது. அதே 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், ‘டி.பி.கே.ஜி.’ என்னும் மேலாளரை உருவாக்கியது. ரெட் ஹேட் நிறுவனம் ‘ஆர்.பி.எம்.’ முறையைக் கொண்டுவந்தது. ஃப்ரீபிஎஸ்டி ‘போர்ட்ஸ்’ என்ற தொகுப்பை அமைத்தது. நெட்பிஎஸ்டியின் ‘பேக்கேஜ் சோர்ஸ்’ 1997-இல் அதன் வழியில் பிறந்தது. இவை எல்லாவற்றிலும் முறை வேறுபட்டாலும் உயிர்நாடி ஒன்றே, அது பட்டியல்.

இது எங்கோ அயல்நாட்டில் நடக்கும் செய்தி என்று மாணவர்கள் கருத வேண்டா. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பொறிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குப் போனால், கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டுவின் வழிவந்த இயங்குதளத்தில் பிள்ளைகள் பாடம் படிப்பதைக் காணலாம். உபுண்டுவும் டெபியனின் கிளையே. ஆகவே, நாம் இங்குக் காணப்போகும் டி.பி.கே.ஜி. பட்டியல், நம் மாவட்டத்திலும் அண்டை மாநிலத்திலும் எத்தனையோ மேசைகளின்மேல் நாள்தோறும் வேலை செய்துவருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

சொற்களை அகரவரிசையில் அடுக்கும் சிறு நிரல் ஒன்றை நாம் எழுதியதாகக் கொள்வோம். அதன் பெயர் ‘அகரம்’. முதற்பதிப்பின் பட்டியல் பின்வருமாறு:

1. /யுஎஸ்ஆர்/பின்/அகரம் – இயங்கும் நிரல்
2. /யுஎஸ்ஆர்/லிப்/லிப்அகரம்.எஸ்ஓ.1 – நூலகம்
3. /யுஎஸ்ஆர்/ஷேர்/மேன்/மேன்1/அகரம்.1.ஜிஇசட் – கையேட்டுப் பக்கம்
4. /யுஎஸ்ஆர்/ஷேர்/லொகேல்/டிஏ/எல்சி_மெசேஜஸ்/அகரம்.எம்ஓ – தமிழ்ச் செய்திகள்
5. /யுஎஸ்ஆர்/ஷேர்/அகரம்/சொற்கள்.டிஎக்ஸ்டி – சொற்பட்டியல்
6. /இடிசி/அகரம்.கான்ஃப் – அமைப்புக் கோப்பு

ஆறே கோப்புகள் கொண்ட இந்தச் சிறு பொதியை வைத்துக்கொண்டே பட்டியலின் பயன்களையும் சிக்கல்களையும் முழுமையாக விளக்கிவிடலாம்.

பட்டியலின் நான்கு பயன்கள்

முதலாவது, நீக்குதல். ‘அகரம்’ வேண்டாம் என்று முடிவு செய்தால், மேலாளர் பட்டியலைப் பார்த்து அந்தக் கோப்புகளை மட்டும் நீக்குகிறது. ‘இந்த அடைவில் உள்ள அனைத்தையும் அழி’ என்று ஒருபோதும் செயற்படுவதில்லை. இதன் அருமையை உணர ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 2011-இல் ‘பம்பிள்பீ’ என்னும் கட்டற்ற மென்பொருளின் நிறுவு நிரலில், அழிக்கும் கட்டளை ஒன்றில் பாதையின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி புகுந்துவிட்டது. அதன் விளைவாக, ஓர் உள்ளடைவை அழிக்க வேண்டிய கட்டளை ‘யுஎஸ்ஆர்’ அடைவு முழுவதையும் அழிக்கக் கூடியதாயிற்று. ஓர் இடைவெளி, அவ்வளவே. கோப்புக் கோப்பாகப் பெயர் சொல்லி நீக்கும் பட்டியல் முறையில் இத்தகைய பேரிழப்புக்கு இடமே இல்லை.

இரண்டாவது, உரிமை. ஒரு கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்பதைப் பட்டியல் கூறுகிறது. டி.பி.கே.ஜி. கட்டளையுடன் பெரிய எழுத்து ‘எல்’ சேர்த்துப் பொதியின் பெயரைக் கொடுத்தால் அதன் கோப்புகள் அனைத்தும் வரிசையாக வரும். பெரிய எழுத்து ‘எஸ்’ சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் உரிமையாளரான பொதி எது எனத் தெரியும். வேறொரு பொதி அதே பாதையில் தன் கோப்பை வைக்க வந்தால், ‘இது ஏற்கெனவே இன்ன பொதியில் இருக்கிறது’ என்று மேலாளர் மறுத்துவிடும். ஒரே வீட்டை இருவருக்கு விற்க முடியாதபடி பத்திரப்பதிவு தடுப்பதைப் போன்றது இது.

மூன்றாவது, புதுப்பித்தல். ‘அகரம்’ இரண்டாம் பதிப்பில் நூலகத்தின் பெயர் ‘லிப்அகரம்.எஸ்ஓ.2’ என மாறுகிறது, ‘சொற்கள்.டிஎக்ஸ்டி’ போய் ‘அகராதி.டிபி’ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பட்டியலை ‘அ’ என்றும் புதிய பட்டியலை ‘ஆ’ என்றும் குறித்தால், கணங்களைப் பற்றி நாம் பள்ளியில் படித்த கழித்தலே இங்கு வேலை செய்கிறது. இரண்டிலும் உள்ள நான்கு கோப்புகள் மாற்றி எழுதப்படும். ‘ஆ’வில் மட்டும் உள்ள இரண்டு புதிதாக வைக்கப்படும். ‘அ’வில் மட்டும் உள்ள இரண்டு, அதாவது பழைய நூலகமும் பழைய சொற்பட்டியலும், நீக்கப்படும். இதில் வரிசை முக்கியம். புதியவற்றை முதலில் வைத்துவிட்டுப் பழையவற்றைப் பின்னர் நீக்குவதே முறை. மாற்றி முதலில் எல்லாவற்றையும் நீக்கினால், இடையில் மின்சாரம் போய்விட்டால் பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் பொறி நின்றுவிடும்.

நான்காவது, சரிபார்த்தல். பட்டியலில் பெயரோடு ஒவ்வொரு கோப்பின் சுருக்க எண்ணும் சேர்த்து வைக்கப்படுவது உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எனவே வட்டில் பழுது ஏற்பட்டதா, எவரேனும் கோப்பை மாற்றினார்களா என்பதைக் கண்டறியலாம். ஆர்.பி.எம். முறையில் கோப்பின் அளவு, அனுமதி, உரிமையாளர் ஆகியனவும் பதிவாகின்றன. ஆனால், பட்டியலும் அதே வட்டில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கோப்பை மாற்றக்கூடிய திருடன் பட்டியலையும் மாற்றக்கூடும். ஆகவே இது பழுதைக் கண்டறியும் கருவியே தவிர முழுப் பாதுகாப்பு ஆகாது.

பட்டியலைத் தயாரிக்கும் முறை

பட்டியலை எவ்வாறு தயாரிப்பது? மென்பொருளை நேரே பொறியில் நிறுவிவிட்டு எவை புதிதாக வந்தன என்று தேடுவது தவறான வழி. அதே நேரத்தில் வேறு நிரல்களும் கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும். எனவே, ‘டெஸ்ட்டிர்’ என்னும் மாறியின் துணையால் ஒரு வெற்று அடைவைத் தற்காலிக வீடாக அமைத்து, அதனுள் நிறுவச் செய்கிறார்கள். நிரலைப் பொறுத்தவரை அது முழுப் பொறியைப் போலவே தோன்றும். அந்த அடைவுக்குள் என்னென்ன இருக்கின்றனவோ அவையே அந்த மென்பொருளின் கோப்புகள்.

இனி இரு வழிகள் உள்ளன. அந்த அடைவில் இருப்பதையெல்லாம் அப்படியே பட்டியலாக்கிவிடலாம். அல்லது பொதியாளர் தாமே பட்டியலை எழுதி, அதனை அடைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வழி எளிது. ஆனால் அதில் சோதனை இல்லை. தொகுப்பில் ஏதோ பிழை ஏற்பட்டு நூலகம் உருவாகாமல் போனாலும் பட்டியலும் அதற்கேற்பச் சுருங்கிவிடும், எவரும் அறியமாட்டார்கள். இரண்டாம் வழியில் பட்டியல் என்பது ஓர் எதிர்பார்ப்பு. ‘இவை வர வேண்டும், இவை தவிர வேறு வரக் கூடாது’ என்று பொதியாளர் முன்கூட்டியே எழுதி வைக்கிறார். உண்மை அதனோடு பொருந்தாவிட்டால் வேலை நிற்கும்.

ஆர்.பி.எம். முறையில் குறிப்புக் கோப்பின் ‘ஃபைல்ஸ்’ என்ற பகுதியில் இந்தப் பட்டியல் எழுதப்படுகிறது. பட்டியலில் உள்ளது அடைவில் இல்லையென்றாலும் பிழை. அடைவில் உள்ளது பட்டியலில் இல்லையென்றாலும் பிழை. இதனை இருவழிச் சோதனை எனலாம். ஃப்ரீபிஎஸ்டியில் ‘பி-லிஸ்ட்’ எனப்படும் கோப்பு உள்ளது. அதன் வரைவைப் பொறியே தயாரித்துத் தரும் கட்டளையும், பின்னர் அதனைச் சரிபார்க்கும் கட்டளையும் தனித்தனியாக இருக்கின்றன. டெபியனில் ‘டெப்ஹெல்ப்பர்’ என்னும் கருவித் தொகுப்பின் 13-ஆம் நிலையிலிருந்து, விடுபட்ட கோப்பு இருந்தால் பொதியாக்கம் நின்றுவிடுவதே இயல்பான நடைமுறை ஆகிவிட்டது. அதற்கு முன் பொதியாளர் தாமாகக் கேட்டால்தான் அந்தக் கண்டிப்பு கிடைக்கும்.

பொறியே தயாரித்த வரைவைப் படித்துப் பாராமல் அப்படியே ஏற்றுக்கொள்வதில் பயனில்லை என்பதையும் இங்குக் கூற வேண்டும். புதிய பதிப்பு வரும்போது பழைய பட்டியலையும் புதிய வரைவையும் ஒப்பிட்டு, எந்த வரி போயிற்று, எந்த வரி வந்தது, ஏன் என்று கேட்பதே பொதியாளரின் பணி. பட்டியலில் ஒரு வரி குறைந்திருப்பது பெரும்பாலும் ஒரு செய்தியைச் சொல்கிறது.

சிக்கலான ஐந்து இடங்கள்

(அ) அடைவுகள். ‘யுஎஸ்ஆர்/பின்’ அடைவு எந்தப் பொதிக்கு உரியது? அது எல்லாருக்கும் பொது. ‘யுஎஸ்ஆர்/ஷேர்/அகரம்’ என்பதோ நமக்கு மட்டும் உரியது. பொதுவானதை நம்முடையது என்று ஆர்.பி.எம். பட்டியலில் எழுதினால் அதற்குள் இருப்பவை அனைத்தும் நம்முடையவை என்று பொருள்படும். அடைவை மட்டும் குறிக்கத் தனிக் குறியீடு இட வேண்டும். நமக்கு மட்டும் உரியதை எழுதாமல் விட்டால் மென்பொருளை நீக்கிய பின்னும் வெற்று அடைவு கிடக்கும். டி.பி.கே.ஜி. ஓர் அடைவைப் பல பொதிகள் பகிர்ந்துகொள்ள இடமளிக்கிறது. வேறு எவருக்கும் அது தேவையில்லை, உள்ளேயும் எதுவும் இல்லை என்ற நிலையில்தான் அதனை நீக்கும்.

(ஆ) அமைப்புக் கோப்புகள். ஆறாவது கோப்பான ‘அகரம்.கான்ஃப்’ நாம் கொடுத்ததுதான். ஆனால் பயன்படுத்துபவர் அதில் தம் விருப்பத்தை எழுதிவிட்டார். இனி அது யாருடையது? கோப்பு பொதியுடையது, உழைப்பு பயனருடையது. ஆகவே டெபியனில் சாதாரணமாக நீக்கினால் அமைப்புக் கோப்பு விட்டுவைக்கப்படும். ‘பர்ஜ்’ என்று தெளிவாகக் கேட்டால்தான் அதுவும் போகும். புதுப்பிக்கும்போது பயனரும் மாற்றி, புதிய பதிப்பிலும் அக்கோப்பு மாறியிருந்தால் ‘எதை வைத்துக்கொள்வது’ என்று மேலாளர் கேட்கும். பிறர் உழைப்பின்மேல் கை வைக்குமுன் கேட்க வேண்டும் என்ற நாகரிகம் இங்கு நிரலாக எழுதப்பட்டிருக்கிறது.

(இ) பின்னர்ப் பிறக்கும் கோப்புகள். சில கோப்புகள் பொதியில் இருப்பதில்லை. நிறுவிய பின் உருவாகின்றன. லோகித் தமிழ் எழுத்துரு டெபியனில் ஒரு பொதியாகக் கிடைக்கிறது. அதனை நிறுவினால் எழுத்துருக் கோப்பு பட்டியலில் இருக்கும். ஆனால் எழுத்துருக்களைத் தேடுவதற்காகக் கணிப்பொறி தயாரித்துக்கொள்ளும் தற்காலிகச் சேமிப்பு பட்டியலில் இராது. பைத்தான் நிரல்களின் தொகுத்த கோப்புகளும் அவ்வாறே. இவற்றை உருவாக்கிய குறுநிரலே நீக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஆர்.பி.எம். இதற்கென ‘கோஸ்ட்’ என்ற அடையாளத்தை வைத்திருக்கிறது: பொதியில் இல்லை, ஆயினும் உரிமை நம்முடையது என்பது அதன் பொருள்.

(ஈ) நூலகங்கள். நாம் மேலே கண்ட புதுப்பித்தலில் ‘லிப்அகரம்.எஸ்ஓ.1’ நீக்கப்பட்டது. அந்த நூலகத்தை வேறொரு நிரலும் பயன்படுத்திக்கொண்டிருந்தால்? அது அன்றே இயங்காமல் போகும். இதனால்தான் டெபியனில் நூலகத்தைத் தனிப் பொதியாக்கி, அதன் எண்ணைப் பொதியின் பெயரிலேயே சேர்க்கிறார்கள். 1-ஆம் எண்ணும் 2-ஆம் எண்ணும் ஒரே பொறியில் அருகருகே இருக்கலாம். எந்தக் கோப்பு எந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று பிரிப்பதும் பட்டியல் மேலாண்மையின் ஒரு கூறே.

(உ) கையேட்டுப் பக்கங்கள். மூல நிரல் வைப்பது ‘அகரம்.1’, பொதியாக்கக் கருவி அதனைச் சுருக்கி ‘அகரம்.1.ஜிஇசட்’ ஆக்கிவிடும். பட்டியலில் பழைய பெயரையே எழுதினால் கோப்பு காணவில்லை என்ற பிழை வரும். சுருக்கும் முறை நாளை மாறவும் கூடும். ஆகவே ‘அகரம்.1’ என்று எழுதி இறுதியில் ஓர் உடுக்குறி இடுவது ஆர்.பி.எம். வழக்கம். உடுக்குறி பயனுள்ளதுதான்; ஆயினும் அதனை எல்லா இடத்திலும் இட்டால் பட்டியல் பட்டியலாக இராது.

தமிழுக்கு இதில் என்ன பங்கு?

நான்காவது கோப்பை நான் வேண்டுமென்றே எடுத்துக்காட்டில் சேர்த்தேன். ஒரு மென்பொருளின் பட்டிகளும் அறிவிப்புகளும் தமிழில் தெரிய வேண்டுமானால், தன்னார்வலர்கள் ஒவ்வொரு தொடரையும் மொழிபெயர்க்க வேண்டும். குனோம், கேடிஇ போன்ற பெருந்திட்டங்களில் பல ஆண்டுகளாக இவ்வேலை நடந்து வந்திருக்கிறது. ஊதியம் இல்லை, இரவு நேரத்து உழைப்பு. அந்த உழைப்பெல்லாம் இறுதியில் ‘டிஏ’ என்னும் ஈரெழுத்து அடைவுக்குள் ஒரு சிறு கோப்பாகப் போய் அமர்கிறது.

பொதியாளர் பட்டியலைக் கையால் எழுதுகிறார் என்று கொள்வோம். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகியவற்றுக்கு வரிகள் எழுதுகிறார். மென்பொருளின் அடுத்த பதிப்பில் தமிழ் புதிதாகச் சேர்கிறது. பட்டியலில் அந்த வரி இல்லை. இருவழிச் சோதனை இருந்தால் பொதியாக்கம் நின்று, ‘பட்டியலில் இல்லாத கோப்பு இருக்கிறது’ என்று பொறி கூவும். சோதனை இல்லையென்றால் அந்தக் கோப்பு தற்காலிக அடைவோடு அழிந்துபோகும். பிழைச் செய்தி இல்லை. நிரல் நன்றாகவே ஓடும். ஆனால் திரையில் ஆங்கிலமே தெரியும். மார்த்தாண்டத்தில் ஒரு மாணவி தமிழ் இடைமுகத்தைத் தெரிவு செய்து, ஆங்கிலம் வருவதைக் கண்டு, ‘இதற்குத் தமிழ் இல்லை போலும்’ என்று முடிவு செய்துவிடுவாள். தமிழ் இருந்தது, அவள் கைக்கு வந்து சேரவில்லை.

இதனைத் தவிர்க்கவே ஆர்.பி.எம். முறையில் மொழிக்கோப்புகளைத் தானே தேடி, எந்தக் கோப்பு எந்த மொழிக்குரியது என்ற அடையாளத்துடன் பட்டியலில் சேர்க்கும் கருவி ஒன்று உள்ளது. இங்கு மட்டும் கையால் எழுதுவதைவிடத் தேடிச் சேர்ப்பதே சிறந்தது. மொழிகள் வளர்ந்துகொண்டே இருப்பவை. பொதியாளருக்கு அவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பட்டியல் இல்லாமையால் வந்த இடர்

நான் நேரில் கண்ட ஒன்றை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். இடத்தின் பெயர் வேண்டா. ஓர் ஆய்வகத்தில் தமிழ்த் தட்டச்சுக்கான மென்பொருளொன்றைப் பழுதுபார்க்க வந்தவர் மூல நிரலிலிருந்து தொகுத்து நேரடியாக நிறுவிச் சென்றிருந்தார். நன்றாகவே வேலை செய்தது. ஓராண்டு கழித்து அதே மென்பொருள் முறையான பொதியாகக் கிடைத்தபோது பொறுப்பாளர் அதனை நிறுவினார். அன்றிலிருந்து நிரல் திறந்தவுடன் மூடிக்கொண்டது. பொதியைச் சோதித்தால் குற்றமில்லை. ஒவ்வொரு கோப்பின் சுருக்க எண்ணும் சரியாக இருந்தது.

காரணம் இதுதான். கையால் நிறுவியவை ‘யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்னும் அடைவில் போய் அமர்கின்றன. டெபியன் வழிவந்த பொறிகளில் நூலகங்களைத் தேடும் வரிசையில் அந்த அடைவு முன்னே நிற்கிறது. ஆகவே புதிய நிரல் தன் புதிய நூலகத்தை விட்டு ஓராண்டுப் பழைய நூலகத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய கோப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. எனவே ‘உரிமையாளர் யார்’ என்று கேட்டால் மேலாளருக்கு விடை தெரியாது. ஒரு பொறியில் காரணத்தைக் கண்டுபிடித்த பின்னும், மற்றப் பொறிகள் அனைத்திலும் எது எது கையால் வைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. செய்முறைத் தேர்வு நெருங்கிய வேளையில் மாணவர்கள் பல நாட்கள் பொறி இல்லாமல் காத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள். பட்டியல் இன்மையின் விலையைக் கொடுத்தவர்கள் அவர்களே.

ஒரே கோப்புக்கு இரு முகவரிகள்

பட்டியல் சரியாக இருந்தும் உலகம் மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியனின் அண்மைக்கால வரலாறு நல்ல பாடம். முன்பு ‘லிப்’ என்ற அடைவும் ‘யுஎஸ்ஆர்/லிப்’ என்ற அடைவும் தனித்தனியாக இருந்தன. பின்னர் முதலாவதை இரண்டாவதற்கான இணைப்பாக மாற்றி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 2023-இல் வெளிவந்த டெபியன் 12-இல் இது கட்டாயமாயிற்று. ஆனால் டி.பி.கே.ஜி. பட்டியல்களில் அப்போது எழுதப்பட்டிருந்தது பழைய பாதை. மேலாளர் பாதைகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறதே தவிர, இரண்டும் ஒரே இடம் என்பதை அறியாது. ஒரு கோப்பு ஒரு பொதியிலிருந்து மற்றொரு பொதிக்கு மாறும்போது, அதன் பாதையும் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு மாறினால், பழைய பொதியின் பட்டியலைப் பார்த்து மேலாளர் அதனை நீக்கக்கூடும். புதிய பொதி வைத்த கோப்பே அதனால் மறைந்துபோகும். இந்த அபாயத்தைத் தவிர்க்க, பொதிகளின் பட்டியல்களில் பாதைகளை ஒழுங்காகப் புதிய முகவரிக்கு மாற்றும் பெரும்பணி நடந்து, 2025-இல் வெளிவந்த டெபியன் 13-இல் பெரும்பாலும் நிறைவடைந்தது. ஒரே வீட்டுக்குப் பழைய கதவிலக்கமும் புதிய கதவிலக்கமும் இருந்து, இரு பதிவேடுகளில் இருவிதமாக எழுதப்பட்டால் வரும் குழப்பத்தை நம் ஊரில் வரி கட்டியவர்கள் அறிவார்கள்.

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்கவை

1. ஆய்வகப் பொறியில் ஏதேனும் ஒரு சிறு பொதியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியும் மேலே கூறிய எந்த வகையைச் சேர்ந்தது என்று எழுதிப் பாருங்கள்.

2. ‘யுஎஸ்ஆர்/ஷேர்/லொகேல்/டிஏ’ அடைவில் உள்ள கோப்புகளைப் பார்த்து, எந்தெந்தப் பொதிகள் தமிழைக் கொண்டுவந்துள்ளன என்பதைக் கண்டறியுங்கள். மென்பொருளின் மூல நிரலில் தமிழ் இருந்து பொதியில் இல்லாத ஒன்றைக் கண்டால், அதன் பொதியாளருக்கு எழுதுங்கள். தெளிவாக எழுதப்பட்ட ஒரு கடிதம் பெரும்பாலும் போதுமானது.

3. நீங்கள் எழுதிய நிரல் எதுவாயினும், அது எந்தெந்தக் கோப்புகளை எங்கெங்கு வைக்கிறது, இயங்கும்போது எவற்றை உருவாக்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் வெற்று அடைவில் நிறுவி ஒப்பிடுங்கள். இரண்டும் முதல் தடவையே பொருந்துவது அரிது.

4. கையால் நிறுவ வேண்டிய கட்டாயம் ஏற்பட்டால், நிறுவியவற்றின் பட்டியலை அன்றே எழுதி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒரு படி கொடுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பொறியில் அமரப்போகிறவர் நீங்கள் அறியாத ஒருவர்.

முடிவுரை

நிறுவிய கோப்புகளின் பட்டியல் என்பது புத்திக்கூர்மை வாய்ந்த பெரிய கண்டுபிடிப்பன்று. பாதைகளின் வெறும் வரிசை. ஆயினும் நீக்குதல், உரிமை, புதுப்பித்தல், சரிபார்த்தல் ஆகிய நான்கும் அதன்மேல் நிற்கின்றன. வெற்று அடைவில் நிறுவி, பட்டியலை முன்னரே எழுதி, இருவழிச் சோதனை செய்து, அடைவுகளையும் அமைப்புக் கோப்புகளையும் பின்னர்ப் பிறப்பனவற்றையும் பிரித்தறிந்து எழுதினால் அப்பட்டியல் பல்லாண்டுகள் பயன்தரும். விடுபட்ட ஒரு வரி, எவரோ செய்த ஒரு மொழிபெயர்ப்பை மறைக்கவும் கூடும். மாணவர்களின் ஒரு வாரத்தைப் பறிக்கவும் கூடும். நம் கல்லூரியிலிருந்து வெளியேறி மென்பொருள் துறையில் பணிபுரியப்போகும் மாணவ மாணவியர், நிரல் எழுதுவதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் அதன் கணக்கை எழுதுவதிலும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.